ஐந்து ஃபீல்டு டெஸ்ட்டை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியுமா? கிளாக்கோமாவில் பார்வை இழப்பை அளப்பதும் கணிப்பதும்

கேட்கப்பட்டது இது: அப்பாவுக்கு 58 வயது. கிளாக்கோமா (பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும் நோய்) என்று தெரிந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபீல்டு டெஸ்ட் (கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் சோதனை) எடுத்திருக்கிறார்கள். வலது கண்ணின் எம்.டி. எண் வரிசையாக −4.2, −6.1, −4.9, −5.0, −6.0. நோய் கூடுகிறதா, நிற்கிறதா, இன்னும் எத்தனை வருடம் பார்வை இருக்கும்? ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்தே ஏ.ஐ. சொல்லிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

முதலில் நேரடியான பதில். இந்த ஐந்து எண்களை வைத்து எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த அளவுக்குச் சொல்ல முடியாது என்பதைத் துல்லியமாகக் கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அதை விரிவாகவே போட்டுக் காட்டுகிறேன்.

எம்.டி. என்ன எண் என்பதிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான கண் மருத்துவமனைகளில் இருப்பது ஹம்ஃப்ரி கருவி; அதில் வழக்கமாக எடுப்பது 24-2 என்ற அமைப்பு. 6 டிகிரி இடைவெளியில் 54 புள்ளிகள். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தால் இயல்பாகவே எதுவும் தெரியாத குருட்டுப் புள்ளியில் விழும் இரண்டைக் கழித்தால் 52. ஒவ்வொரு புள்ளியிலும் 0.2 விநாடி மட்டும் ஒரு சிறு வெளிச்சம் வந்து போகும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான வெளிச்சம் எது என்று தேடுவதுதான் டெஸ்ட். கருவியால் காட்ட முடிந்த உச்ச வெளிச்சத்துக்கு 0 டெசிபெல். அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் 10, நூறில் ஒரு பங்கானால் 20, ஆயிரத்தில் ஒரு பங்கானால் 30. ஆக, பெரிய எண் என்றால் நல்ல பார்வை. 3 டெசிபெல் குறைந்தால் இரண்டு மடங்கு வெளிச்சம் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

அதே வயதுள்ள நோயற்றவர்களைவிட உங்கள் அப்பா சராசரியாக எத்தனை டெசிபெல் பின்தங்கியிருக்கிறார் என்பதே எம்.டி. வயதால் வரும் குறைவு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அதனால் எம்.டி. மாறாமல் நின்றால் வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும் நடக்கிறது என்று கொள்ளலாம். −5 என்றால் தோராயமாக மூன்று மடங்கு கூடுதல் வெளிச்சம் தேவைப்படுகிறது. இது முழுப்புலத்தின் சராசரி என்பதை மறக்க வேண்டாம். மேல் பாதியில் ஒரு வளைவு முழுக்கச் செத்துப்போய், மற்ற இடம் நன்றாக இருந்தாலும் −5 வரும். கண்புரையால் எல்லா இடமும் ஒரே சீராக மங்கினாலும் −5 வரும்.

இப்போது கணக்கு. ஐந்து எண்களின் சராசரி −5.24. காலத்துக்கு எதிராக ஒரு நேர்கோடு பொருத்தினால் சாய்வு ஆண்டுக்கு −0.5 டெசிபெல். இதை மட்டும் பார்த்தால் மெதுவான நோய். ஆனால் புள்ளிகள் அந்தக் கோட்டின் மேலேயே உட்காரவில்லை, சராசரியாக 0.8 டெசிபெல் மேலும் கீழும் சிதறியிருக்கின்றன. அந்தச் சிதறலைக் கணக்கில் எடுத்தால் சாய்வின் 95 சதவீத எல்லை −0.5க்கு இரு பக்கமும் 1.6. அதாவது உண்மையான வேகம் ஆண்டுக்கு −2.1 ஆகவும் இருக்கலாம், +1.1 ஆகவும் இருக்கலாம். கிளாக்கோமாவில் பார்வை திரும்பி வளர்வதில்லை. ஆகவே பிளஸ் பக்கத்தை இரைச்சல் என்று தள்ளிவிடலாம். மைனஸ் பக்கத்தைத் தள்ள முடியாது.

இதை வருடங்களாக மாற்றிப் பாருங்கள். கோட்டின்படி இன்றைய எம்.டி. சுமார் −5.7. அன்றாட வாழ்க்கை கடுமையாகப் பாதிக்கப்படும் எல்லையாக ஆய்வுகளில் பலரும் எடுத்துக்கொள்வது −22. ஆண்டுக்கு −0.5 என்றால் அந்த இடத்துக்குப் போக 32 வருடத்துக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு வயது 90ஐத் தாண்டியிருக்கும். −1 என்றால் 74 வயது. −2.1 என்றால் எட்டு வருடம்கூட இல்லை, 66 வயதுக்குள். ஒரே ஐந்து எண்கள். ஒரு முனையில் கவலையே வேண்டாம், மறு முனையில் உடனே சிகிச்சையைக் கூட்ட வேண்டும். மருத்துவர் "இன்னொரு டெஸ்ட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொன்னதை மழுப்பல் என்று நினைக்க வேண்டாம்.

அந்த 0.8 சிதறல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தத் துறையின் மையமான சிக்கல். ஒரு பகுதி உடலியல். பாதிக்கப்பட்ட விழித்திரை ஒரே வெளிச்சத்துக்கு ஒரு முறை பதில் தரும், மறுமுறை தராது. நல்ல புள்ளியில் 30 டெசிபெல் வந்தால் அடுத்த முறையும் 28, 31 என்று பக்கத்திலேயே வரும். பாதிக்கப்பட்ட புள்ளியில் 10 வந்தால், நோய் கொஞ்சமும் நகராமலேயே அடுத்த முறை 0 என்றும் வரலாம், 20ஐ ஒட்டியும் வரலாம். "அளவு மூன்று" எனப்படும் வழக்கமான வெளிச்சப் புள்ளியை வைத்து 15 முதல் 19 டெசிபெல்லுக்குக் கீழே எடுக்கும் அளவுகளுக்கு நம்பகம் மிகக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த இடத்தைக் கண்காணிக்க வேண்டுமோ அந்த இடத்தில்தான் அளவுகோல் அதிகமாக ஆடுகிறது. முற்றிய நோயில் பரப்பளவில் 16 மடங்கு பெரிய "அளவு ஐந்து" வெளிச்சப் புள்ளிக்கு மாறுவது இதனால்தான்.

மற்ற பகுதி டெஸ்ட் அறையில் நடப்பது. இதைச் சரிசெய்யக் காசு செலவில்லை. ஆனாலும் இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. டெஸ்ட் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று நோயாளியிடம் பெரும்பாலும் சொல்வதே கிடையாது. கருவி வேண்டுமென்றே பார்வையின் விளிம்பில் உள்ள வெளிச்சங்களைக் காட்டும். ஆரோக்கியமான கண்ணுக்கே ஏறக்குறைய பாதி தெரியாது. இது தெரியாதவர் நீண்ட நேரம் எதுவும் தெரியாமல் போனதும் பதறிப்போய், தெரிந்த மாதிரி இருந்தாலே பட்டனை அழுத்த ஆரம்பிப்பார். ரிப்போர்ட்டில் அது பொய் நேர்மறையாக ஏறும், எம்.டி. உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அடுத்த முறை ஒழுங்காகச் செய்தால் திடீர்ச் சரிவு வந்த மாதிரி இருக்கும். பொய் நேர்மறை 15 சதவீதத்தைத் தாண்டிய ரிப்போர்ட்டைச் சாய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

தூக்கக் கலக்கம் எதிர்ப்பக்கம் இழுக்கும்: பொய் எதிர்மறை (தெரிய வேண்டிய வெளிச்சத்துக்கும் பட்டனை அழுத்தாதது) கூடும், புலத்தின் ஓரங்கள் கறுத்துவிடும். மேல் இமை தொங்கினால் மேல் ஓரப் புள்ளிகள் போகும். கிட்டத்தில் தெளிவாகத் தெரிவதற்காக டெஸ்ட்டின்போது வைக்கும் லென்ஸ் கண்ணிலிருந்து தள்ளியிருந்தால் அதன் விளிம்பு ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் போடும். லென்ஸ் பவர் ஒரு டயாப்டர் தவறினால் எம்.டி. 1 டெசிபெல்லுக்குச் சற்று மேல் குறையும். உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது டெஸ்ட்டில் −6.1, அடுத்ததில் −4.9. இந்த ஏற்ற இறக்கத்தை ஒரு தவறான லென்ஸே உண்டாக்கிவிடும். அந்த ரிப்போர்ட்டில் எந்த லென்ஸ் வைத்தார்கள் என்ற வரி அச்சாகியிருக்கும். மற்ற நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரிப்போர்ட்டின் அடியில் ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு ஓடும். மேலே எழும் ஒவ்வொரு பல்லும் கண் நடுப்புள்ளியை விட்டு விலகிய தருணம். கீழே இறங்குவது இமைத்தது அல்லது கருவி கண்ணைத் தவறவிட்டது. கண் நடுப்புள்ளியை விட்டு விலகியதைக் குறிக்கும் "ஃபிக்ஸேஷன் லாஸ்" எண்ணைவிட இந்தக் கோட்டையே அதிகம் நம்பலாம். ஏனென்றால் அந்த எண் குருட்டுப் புள்ளியில் அவ்வப்போது வெளிச்சம் காட்டிப் பார்ப்பதிலிருந்து வருகிறது. தலை கொஞ்சம் சாய்ந்து குருட்டுப் புள்ளி நகர்ந்துவிட்டால் கண் அசையாமல் இருந்தும் எண் எகிறும். கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். புள்ளிகளுக்கு இடையே உள்ள நிழலைக் கணினிதான் நிரப்புகிறது. அங்கே யாரும் எதையும் அளக்கவில்லை.

இன்னொரு பொதுவான தவறு: நடுவில் முறையை மாற்றுவது. சிட்டா என்பது கருவி டெஸ்ட்டை நடத்தும் முறை; சிட்டா ஸ்டாண்டர்டில் ஒரு கண்ணுக்கு ஆறேழு நிமிடம் ஆகும், சிட்டா ஃபாஸ்டர் இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். வேகமானது மோசம் என்று சொல்லவில்லை. அடிக்கடி எடுக்க அதுதான் வசதி. ஆனால் மூன்று ஸ்டாண்டர்ட், இரண்டு ஃபாஸ்டர் என்று கலந்து ஒரே கோட்டில் போட்டால், கோடு காட்டும் மாற்றத்தில் எவ்வளவு நோயுடையது, எவ்வளவு முறை மாறியதால் வந்தது என்று பிரிக்க முடியாது. கண்புரை அறுவையும் அப்படித்தான். அறுவைக்குப் பின் எம்.டி. உயரும், அது கிளாக்கோமாச் சரிவை மறைத்துவிடும். அறுவைக்குப் பிறகு புதிதாக இரண்டு அடிப்படை டெஸ்ட் எடுத்து அங்கிருந்து தொடங்குவதே சரி.

சிதறலை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. ஆனால் டெஸ்ட்டுகளின் எண்ணிக்கையும் அவற்றை எப்போது வைக்கிறோம் என்பதும் நம் கையில் இருக்கின்றன. சவுஹான், கார்வே-ஹீத் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008இல் தந்த பரிந்துரை: புதிய நோயாளிக்கு முதல் இரண்டு ஆண்டில் ஆறு டெஸ்ட். ஆண்டுக்கு 2 டெசிபெல் சரியும் வேகமான நோயாளியைக் கண்டுபிடிக்கத்தான் இந்த எண். அந்த ஆறையும் சம இடைவெளியில் வைத்தால், நம் 0.8 சிதறலுக்குச் சாய்வின் எல்லை இரு பக்கமும் சுமார் 1.3. அதே ஆறில் மூன்றைத் தொடக்கத்திலும் மூன்றை இரண்டாம் ஆண்டின் கடைசியிலும் வைத்தால் 0.9. டெஸ்ட் ஒன்றும் கூடவில்லை, செலவும் கூடவில்லை, துல்லியம் மட்டும் கூடுகிறது. கோட்டின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடிப்பதால் வரும் லாபம் இது. 2012இல் கிராப், கார்வே-ஹீத் இருவரும் கணினி உருவகத்தில் இதைக் காட்டினார்கள்.

இந்த உத்திதான் இங்கிலாந்தின் யு.கே.ஜி.டி.எஸ். ஆய்வுக்கும் உதவியது. 2015இல் லான்செட்டில் வந்தது. 516 பேர், பாதிப் பேருக்குக் கண் அழுத்தத்தைக் குறைக்கும் லாட்டனோபிராஸ்ட் சொட்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாச் சொட்டு. கிளாக்கோமா ஆய்வு என்றால் ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதே அதுவரை வழக்கம். இவர்கள் ஃபீல்டு டெஸ்ட்டுகளை நெருக்கமாகவும் கொத்தாகவும் வைத்து, 24 மாதத்திலேயே வித்தியாசத்தைக் காட்டினார்கள்: மருந்தில்லாதவர்களில் 25.6 சதவீதம் பேருக்குப் பார்வைப்புலம் மோசமானது, மருந்து போட்டவர்களில் 15.2 சதவீதம். சரியாகத் திட்டமிட்டு அளந்தால் இரண்டே ஆண்டில் உண்மை தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறு இல்லை.

கொத்தாக வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. நடுவில் ஒன்றரை ஆண்டு டெஸ்ட் இல்லாமல் விட்டால், அந்த இடைவெளியில் வேகமாகச் சரிகிறவர் தவறிப்போவார். நடைமுறையில் இரண்டையும் கலப்பதே பாதுகாப்பு: தொடக்கத்தில் இரண்டு அடுத்தடுத்து, பிறகு நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று, சந்தேகம் வந்ததும் இரண்டு அடுத்தடுத்து.

எம்.டி. சராசரி என்பதால் சிறிய இடத்தில் ஆழமாகும் சேதத்தை விட்டுவிடும். அதற்குத்தான் கருவியில் ஜி.பி.ஏ. என்ற பகுப்பாய்வு. முதல் இரண்டு டெஸ்ட்டை அடிப்படையாக வைத்து, சாதாரண ஆட்டத்தைத் தாண்டிக் குறைந்த புள்ளிகளுக்கு முக்கோணம் போடும். ஒரு முறை குறைந்தால் வெற்று முக்கோணம், தொடர்ந்து இரண்டு முறை என்றால் பாதி கறுப்பு, மூன்று முறை என்றால் முழுக் கறுப்பு. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளில் முழுக் கறுப்பு வந்தால் நோய் முன்னேறியிருக்க வாய்ப்பு அதிகம் என்று அச்சிடும். அந்த அடிப்படை டெஸ்ட்டுகளில் ஒன்று மோசமாக எடுக்கப்பட்டிருந்தால் பிற்பாடு எல்லாமே நன்றாகத் தெரியும். பல ஆண்டுகள் ஏமாற்றும். அடிப்படையைக் கையால் மாற்றிக்கொள்ள கருவியில் வசதி இருக்கிறது, கேட்க வேண்டும். நடுப்பார்வைக்கு அருகே சேதம் என்ற சந்தேகம் இருந்தால் 10-2 டெஸ்ட் அவசியம். நடுவின் 10 டிகிரிக்குள் 24-2இல் வெறும் 12 புள்ளிகள்; 10-2இல் 2 டிகிரி இடைவெளியில் 68.

விழித்திரைப் படலங்களின் தடிப்பை ஒளியால் அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் ஃபீல்டு டெஸ்ட்டுக்கு மாற்று இல்லை, துணை. நரம்பிழைப் படலத்தின் தடிப்பு ஆரோக்கியமான கண்ணில் சராசரியாக 90 முதல் 100 மைக்ரான். ஒரே கண்ணை மறுபடி எடுத்தாலே 4–5 மைக்ரான் வேறுபடும்; அதைத் தாண்டிய குறைவைத்தான் மாற்றம் என்று எடுக்க வேண்டும். ஆரம்ப நோயில் ஓ.சி.டி. ஃபீல்டை முந்திக்கொண்டு சொல்லும். நரம்பணுக்களில் 25 முதல் 35 சதவீதம் இறந்த பிறகே ஃபீல்டில் தெளிவான குறை தெரிகிறது என்று இறந்தவர்களின் கண்களை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஆனால் படலம் 50 மைக்ரான் அளவுக்கு வந்ததும் ஓ.சி.டி. தரை தட்டிவிடும். அதற்குமேல் மெலியாது, ஏனென்றால் மீதி இருப்பது துணைத் திசுவும் ரத்தக்குழாயும். "ஓ.சி.டி. மாறவில்லை, நோய் நின்றுவிட்டது" என்று முற்றிய நோயில் சொல்வது ஆபத்தான தவறு. அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு நோயே இல்லாமல் ஓ.சி.டி. சிவப்பு நிறம் (இயல்பைவிட மெல்லியது என்ற குறி) காட்டலாம். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

தனி ஒருவரின் கோடு இவ்வளவு ஆடும்போது, மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பது உதவும். ஸ்வீடனின் மால்மோவிலும் ஹெல்சிங்போரியிலும் ஹெய்ல் தலைமையில் நடந்த ஆய்வில் 255 பேர். ஒரு பாதிக்கு சிகிச்சை, மறு பாதிக்கு மோசமாகும்வரை சிகிச்சை இல்லை. 2002இல் வந்த முடிவு: சிகிச்சை பெற்றவர்களில் 45 சதவீதமும் பெறாதவர்களில் 62 சதவீதமும் முன்னேறினார்கள், கண் அழுத்தம் 1 மி.மீ. குறைந்தால் முன்னேறும் ஆபத்து சுமார் 10 சதவீதம் குறைந்தது. சிகிச்சை பெறாதவர்களின் வேகத்தை 2009இல் தனியே வெளியிட்டார்கள். உயர் அழுத்த வகையில் சராசரி ஆண்டுக்கு −1.31, இயல்பு அழுத்த வகையில் −0.36, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் சாம்பல் துகள் படியும் எக்ஸ்ஃபோலியேஷன் வகையில் −3.13. எல்லோரையும் சேர்த்துச் சராசரி −1.08, ஆனால் நடு ஆளின் வேகம் −0.40 மட்டுமே. பெரும்பாலோர் மெதுவாக நடக்கிறார்கள், ஒரு சிலர் ஓடுகிறார்கள். அந்த ஒரு சிலரைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் கணிப்பின் முழு வேலையும். உங்கள் அப்பாவுக்கு எந்த வகை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சொல்லே முக்கியமான தகவல்.

இப்போது ஏ.ஐ. 2019இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 32,443 ஃபீல்டு டெஸ்ட்டுகளைக் கொண்டு ஒரு ஆழ்கற்றல் மாதிரியை உருவாக்கியது. ஒரே ஒரு டெஸ்ட்டைக் கொடுத்தால் ஐந்தரை ஆண்டு வரை அடுத்த ஃபீல்டு எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டும். புள்ளிக்குச் சராசரிப் பிழை 2.47 டெசிபெல். கேட்க அபாரமாக இருக்கிறது, தொழில்நுட்பமாகவும் நல்ல வேலை. ஆனால் சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் பெரிய மாற்றம் வருவதில்லை. "இன்று இருப்பதே நாளைக்கும் இருக்கும்" என்று மட்டும் சொல்லும் மாதிரிக்கும் பிழை குறைவாகத்தான் வரும். 2023இல் இத்தகைய மாதிரிகளை வேறொரு குழு சோதித்தபோது, உண்மையில் மோசமானவர்களின் சரிவை அவை குறைத்தே கணித்தன என்று தெரிந்தது. நமக்கு யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவரிடம்தான் மாதிரி தோற்கிறது.

இன்னொரு நுட்பமான பிரச்சினை. கற்றுக்கொண்ட தரவில், பார்வை சரியத் தொடங்கியதும் மருத்துவர் சொட்டு மருந்தைக் கூட்டியிருப்பார், அறுவை செய்திருப்பார். மாதிரி கற்றது "நோய் + அதற்கு அந்த ஊர் மருத்துவர்கள் செய்தது" என்ற இரண்டையும் சேர்த்து. "உங்களுக்கு மோசமாகாது" என்று அது சொல்வதை நம்பி மருந்தை விட்டால் கணிப்பின் அடிப்படையே போய்விடும். எந்தக் கணிப்பு மென்பொருளைக் காட்டினாலும் கேட்க வேண்டியவை: மாறாது என்று சொல்லும் எளிய மாதிரியைவிட எவ்வளவு மேல்? மோசமானவர்களிடம் மட்டும் பிழை எவ்வளவு? ஒரே நோயாளியின் டெஸ்ட்டுகள் கற்றலிலும் சோதனையிலும் கலந்துவிடாமல் பிரித்தார்களா? படிக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால், அதே பல்கலைக்கழகம் 3,871 பேரின் 28,943 டெஸ்ட்டுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

"அப்பாவுக்கு நன்றாகத்தான் தெரிகிறது என்கிறார்" என்பதை அளவாக எடுக்க வேண்டாம். லண்டனில் கிராப் குழு 2013இல் 50 கிளாக்கோமா நோயாளிகளிடம் படங்களைக் காட்டி எது உங்கள் பார்வை போல் இருக்கிறது என்று கேட்டது. கறுப்புச் சுரங்கம் போன்ற படத்தை ஒருவர்கூடத் தேர்வு செய்யவில்லை. 54 சதவீதம் பேர் சில இடம் மங்கல் என்றார்கள், 16 சதவீதம் பேர் சில இடம் காணாமல் போகிறது என்றார்கள், 26 சதவீதம் பேருக்குக் குறை இருப்பதே தெரியவில்லை. இழந்த இடத்தை மூளை நிரப்பிவிடுகிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஆறு மாதம் காத்திருக்காமல், இந்த இரண்டரை மாதத்துக்குள் அதே கருவியில் அதே முறையில் இரண்டு டெஸ்ட் எடுக்கக் கேளுங்கள். மொத்தம் ஏழாகும், சிதறல் இதே அளவில் இருந்தால் எல்லை 1.6இலிருந்து 1.0ஆக இறங்கும். காலையில் அவர் தெம்பாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். பாதி வெளிச்சம் தெரியாது, அது இயல்பு என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். இமைக்கலாம், பட்டன் அழுத்தும்போது இமைப்பது நல்லது. களைத்தால் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இருந்தால் டெஸ்ட் நின்று காத்திருக்கும். பலருக்கு இது தெரியாது. ஒவ்வொரு டெஸ்ட் தாளின் ஓரத்திலும் அன்றைய கண் அழுத்தத்தையும் போட்டுவரும் மருந்தையும் எழுதுங்கள்.

ஏழையும் வைத்துக் கோடு போட்டதும் சாய்வு −0.4 பக்கம் வந்தால் ஆறு மாத இடைவெளிக்குத் திரும்பலாம். −1.5 பக்கம் வந்தால், எல்லையின் நல்ல முனையே −0.5, சரிவது உறுதி, இலக்கு அழுத்தத்தை (சிகிச்சையால் எட்ட வேண்டிய கண் அழுத்தத்தை) இன்னும் கீழே இறக்குவது பற்றி அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். இடது கண்ணுக்கும் இதே கணக்கைத் தனியாகப் போடுங்கள். இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் போக வேண்டும் என்று இல்லை.